விளக்கு அணைந்தது, பிரேக் விடவில்லை

பாபு,

உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீயும் ரேவதியும் ஆபீஸ் போய்விட்டீர்கள். போகும்போது உன் பெண்டாட்டி வழக்கம்போல, "மாமா, கேஸை ஆஃப் பண்ணிட்டேன், நீங்க அந்தப் பக்கம் போக வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டினாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு விஷயம் தெரிந்திருக்காது என்றுதான் நம்புகிறேன். கோபமெல்லாம் உன் மேல்தான். நேரில் சொல்ல வாயெடுத்தால், "சரிப்பா, ஞாயித்துக்கிழமை உக்காந்து பேசலாம்" என்று லேப்டாப்பைத் திறந்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவேன். இந்த வீட்டுக்கு வந்து நான் கற்றுக்கொண்ட புது வேலை அது ஒன்றுதான்.

நாவலூரில் நீ வாங்கியிருப்பது நல்ல வீடு. அதைக் குறை சொல்ல மாட்டேன். வெளிச்சம் இருக்கிறது, காற்று இருக்கிறது, எட்டாவது மாடியிலிருந்து பார்த்தால் ஓரமாக ஒரு துண்டு கடல்கூடத் தெரிகிறது. ஆனால் காலையில் உங்கள் இரண்டு பேரையும் லிஃப்ட் கீழே கொண்டுபோன பிறகு எனக்கு மூச்சு முட்டுகிறது. ஹாலில் நடக்கிறேன், பால்கனி வரை போகிறேன், திரும்பி வருகிறேன். என் லைசென்ஸ் உன் பீரோவில் இருக்கிறது. திருக்கழுக்குன்றத்துப் பக்கம் பூட்டிக் கிடக்கிற நம் வீட்டுச் சாவி உன் கார் சாவியோடு தொங்குகிறது. "தாத்தா வெளிய போனா எனக்கு ஒரு போன் போடு" என்று கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறாய். அவனும் என்னைப் பார்த்ததும் சல்யூட் அடித்துவிட்டு போனைக் காதில் வைக்கிறான். என்னுடையது என்று இந்த வீட்டில் வெளியே கிடப்பது அந்தக் கல் ஒன்றுதான். காற்றுக்குப் படார் படாரென்று அடிக்கிற பால்கனிக் கதவுக்கு ரேவதி அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அந்தக் கல்லைப் பற்றி உனக்குத் தெரியும். உன் பெண்டாட்டிக்குத் தெரியாது, அவளுக்காகவும் சொல்கிறேன். கல்லும் மண்ணும் வாருகிற லோடர் ஓட்டுகிறவன் வண்டியை நிறுத்தினால் பக்கெட்டைத் தரையில் இறக்குவான், பார்க்கிங் பிரேக் போடுவான், அதற்கப்புறமும் இறங்கிப் போய் டயருக்கு ஒரு கல் வைப்பான். பல பேர் கையில் கிடைத்த கல்லை வைப்பார்கள். நான் செங்கல்பட்டுப் பக்கம் முதன்முதலில் வேலை பார்த்த குவாரியிலேயே ஆப்பு மாதிரி ஒரு கல்லைப் பொறுக்கி எடுத்தேன். வண்டி மாறினாலும், முதலாளி மாறினாலும், அந்தக் கல் என் கூடவே ஏறி இறங்கியது. உன் கல்யாணத்தன்று நான் மண்டபத்துக்கு லேட்டாக வந்தேனே, கை முழுக்க கிரீஸோடு? சரிவில் நின்ற வண்டியில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, மெக்கானிக் வந்து முடிக்கும்வரை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. உன் மாமனார் முகம் கடுகடுவென்று இருந்தது. நீதான் சிரித்துக்கொண்டே உன் சிநேகிதர்களிடம் சொன்னாய்: "எங்கப்பா மிஷினை அப்டியே வுட்டுட்டு வர்ற ஆளு இல்ல மச்சான்." உன் அம்மா உயிரோடு இருந்தபோது அதைப் பல தடவை சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அதே குணத்துக்கு இப்போது நீ பிடிவாதம் என்று பேர் வைத்திருக்கிறாய்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நீ பாதியில் வந்தவன், முழுசாகக் கேட்டதே இல்லை. மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் அந்த மீனவர் குப்பத்தில் தூண்டில் வளைவு போட்டுக்கொண்டிருந்தோம். கடல் அரிக்காமல் இருக்கக் கரையிலிருந்து கடலுக்குள் பாறாங்கல்லைக் கொட்டி நீட்டிக்கொண்டே போவது. மேலே லோடர் ஒன்று போக மட்டும்தான் அகலம். திருப்ப இடம் கிடையாது. கல்லை வாரிக்கொண்டு முன்பக்கமாகப் போக வேண்டும், கொட்டிவிட்டு ரிவர்ஸில் வர வேண்டும். நுனியில் சேகர் பொக்லைனை வைத்துக்கொண்டு நான் கொண்டுபோகிற கல்லை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவான். ஆகக் கடைசியில் சேகர், அவனுக்கு முன்னால் நான், எனக்குப் பின்னால் நீளமாகக் கல், அதற்கப்புறம்தான் கரை. நான் நகராமல் சேகர் வெளியே வர முடியாது.

மத்தியானம் சாப்பிட வண்டியை அங்கேயே நிறுத்தினேன். பக்கெட்டை இறக்கினேன், பிரேக் போட்டேன், கல் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து கல்லை எடுத்துப் படியில் போட்டுக்கொண்டு ஏறினேன். ஸ்டார்ட் பண்ணி, ஆயில் பிரஷர் ஏறட்டும் என்று காத்திருந்தேன். மீட்டரில் முள் ஏறியது. பார்க்கிங் பிரேக் சுவிட்சை அழுத்தினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. ரிவர்ஸ் போட்டேன். வண்டி உறுமியதே தவிர ஒரு சாண் நகரவில்லை. சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போட்டு எடுத்தேன். விளக்கு எரிகிறது, அணைகிறது, பிரேக் மட்டும் விடவில்லை. அன்றைக்குப் பௌர்ணமி வேறு. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து கல் இடுக்கெல்லாம் பீச்சி அடிக்க ஆரம்பித்தது. கூலிக்கு வந்தவர்கள் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டார்கள்.

சேகர் இறங்கி வந்து, "இன்னா அண்ணாத்த, நவுல மாட்டேங்குதா?" என்றான்.

"பிரேக்கு புடிச்சிகினு கீதுடா" என்றேன்.

"நீ நவுந்தாத்தான் நான் வெளிய வர முடியும். இந்த வண்டி தண்ணில போச்சுன்னா என் பொயப்பே போச்சு அண்ணாத்த." அவனும் அவன் பெண்டாட்டியும் நகையை வைத்து, சொந்தமாக வாங்கின பொக்லைன் அது.

அப்போதுதான் அந்தத் தப்பைப் பண்ணினேன். நகராத வண்டியை மிதிக்கக் கூடாது என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அலையைப் பார்த்தேன், சேகர் முகத்தைப் பார்த்தேன், ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்துவிட்டேன். வண்டி பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு கொஞ்சம் இழுத்தது, அப்புறம் அடியிலிருந்து புகை. பிரேக் பேடு கருகுகிற நாற்றம். கரையில் நின்ற அத்தனை பேரும் அந்தப் புகையைத்தான் பார்த்தார்கள். முன்னால் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. சைட் சூப்பர்வைசர், "பெருசு பிரேக்கை எடுக்காமலே ஓட்டிட்டாரு, வயசாச்சுல்ல" என்று சொன்னாராம். அன்றையிலிருந்து எல்லார் வாயிலும் அதே பேச்சு.

அவர் போன் பண்ணித்தான் நீ வந்தாய். கழுத்தில் ஆபீஸ் ஐடி கார்டு தொங்க, ஷூவோடு அந்த வழுக்குப் பாறை மேல் நடந்து வந்தாயே, அதைக் கேபினிலிருந்து பார்த்தேன். அலை உன் முட்டி வரை அடித்தது. "எறங்குப்பா. மிஷின் போனா போவுது, நீ எறங்கு" என்று கத்தினாய். நான் இறங்கவில்லை. நீ கெஞ்சினாய், அழுதாய். அப்போதும் இறங்கவில்லை. நான் இரும்புக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தாய். எனக்கு அந்தப் பக்கம் நுனியில் சேகர் இருக்கிறான், நான் இறங்கிப்போனால் அவனை அடைத்துவிட்டுப் போனதாக ஆகும் என்பதை உனக்குச் சொல்ல அந்தக் காற்றில் என்னால் முடியவில்லை. அப்புறமும் நீ கேட்கவில்லை.

குமார் மெக்கானிக் சிங்கப்பெருமாள் கோயில் ஷெட்டிலிருந்து வந்து சேர்ந்ததும் என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? டயருக்கு முன்னும் பின்னும் கல் வைக்கச் சொன்னான். முன்னால் வைத்தது என் கல். வண்டிக்கு அடியில் ஊர்ந்துபோய், பிரேக்கைக் கையாலேயே திறக்கிற போல்ட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கினான். பிரேக் விட்டது. அதற்கப்புறம் பார்க்கிங் பிரேக்கே இல்லாத வண்டியை, பொழுது சாயும் நேரத்தில், இரண்டு பக்கமும் அலை அடிக்க, அந்த நீளம் முழுக்க ரிவர்ஸில் ஓட்டிக்கொண்டு வந்தவன் நான்தான் பாபு. எனக்குப் பின்னாலேயே சேகர் வந்தான். கரை ஏறியதும் அவன் என் காலைத் தொட்டான். நீ என் கையைப் பிடித்துக் காரில் ஏற்றினாய். மாற்றுத்துணிகூட எடுக்க விடவில்லை. வண்டி நகருமுன் எடுத்துப் படியில் போட்டிருந்த என் கல்லை மட்டும் நான் கையில் வைத்திருந்தேன், அதை எதற்கு என்றுகூட நீ கேட்கவில்லை. அப்படியே இந்த எட்டாவது மாடிக்கு வந்துவிட்டேன்.

முதல் சில நாள் எனக்கே அது ஆறுதலாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அப்புறம் நீ மெதுவாக ஆரம்பித்தாய். "மறதி வர்றது தப்பில்லப்பா, எல்லாருக்கும் வரும்" என்றாய். டாக்டரிடம் கூட்டிப்போனாய். அந்த டாக்டரம்மா என்னிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள், கடிகாரம் வரையச் சொன்னாள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். பயத்தில் ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னேன். நீ ரேவதியைப் பார்த்தாய். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து குழாயை மூடினேனா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன். பேப்பர் படித்துவிட்டு, படித்தேனா என்று திரும்பப் படிக்கிறேன். கடைசியில் அந்த நாளே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. சிவப்பு விளக்கு நிஜமாகவே அணைந்ததா? சுவிட்சை அழுத்தினேனா, அழுத்தினதாக நினைத்துக்கொண்டேனா? நீ கேட்டில் வைத்த காவலைவிட அந்தச் சந்தேகம்தான் என்னை அடைத்துப் போட்டது.

சும்மா கிடக்காமல் அந்த வண்டியை மனசுக்குள்ளேயே பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். உனக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். லோடரின் பார்க்கிங் பிரேக் உன் கார் ஹேண்ட் பிரேக் மாதிரி இழுத்தால் பிடிப்பது இல்லை. அது எப்போதும் பிடித்தபடியே இருக்கும். உள்ளே பலமான ஸ்பிரிங் இருக்கிறது. ஆயில் பிரஷர் போய் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளிப் பிடித்தால்தான் பிரேக் விடும். சுவிட்சை அழுத்தினால் கரண்ட் வயர் வழியாகக் கீழே ஒரு வால்வுக்குப் போகும், வால்வு திறந்து ஆயிலை விடும். இதில் எது தவறினாலும் வண்டி நிற்கும். பிரஷர் இருந்தது, முள்ளைப் பார்த்தேன். ஃபியூஸ் போயிருந்தால் விளக்கே எரியாது. சுவிட்ச் கெட்டிருந்தால் விளக்கு அணையாது. அப்படியென்றால் சுவிட்சுக்குக் கீழே, வால்வில் மாட்டுகிற பிளக்கில்தான் கோளாறு. அங்கேதான் உப்புக்காற்று நேராக அடிக்கும். அந்த விளக்கு சுவிட்ச் சொன்னதைக் கேட்டு அணைகிற விளக்கு. கீழே பிரேக் விட்டதா என்று அதற்குத் தெரியாது. விளக்கு அணைந்திருந்தால் தப்பு வண்டி மேல். அணையாமல் இருந்திருந்தால் தப்பு என் மேல். இதற்கு மேல் படுத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியவில்லை.

லோடர் வேறு ஏதோ ரிப்பேருக்காகக் குமார் ஷெட்டில் நிற்கிறது என்று சேகர் போனில் சொன்னான். போன வாரம் செக்யூரிட்டியிடம் டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன், அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோயில். குமார் இன்னொரு வண்டியில் தலையை விட்டுக்கொண்டிருந்தான். அவனைத் தொந்தரவு பண்ணாமல் நானே டெஸ்ட் லேம்ப்பை எடுத்துக்கொண்டேன். டயருக்குக் கல் வைத்தேன், சாவி போட்டேன், சுவிட்சை அழுத்தினேன். விளக்கு அணைந்தது. கீழே படுத்துப் பிளக்கைக் கழற்றி டெஸ்ட் லேம்ப்பை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. கரண்ட் நன்றாக வருகிறது. பிளக்கில் ஒரு குறையும் இல்லை. அந்த வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டேன். பாபு சொன்னது சரிதான், நான்தான் மறந்திருக்கிறேன், இனி மிச்ச நாளுக்கு அந்த எட்டாவது மாடிதான் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளக்கைத் திரும்ப மாட்டப் போனபோதுதான் பார்த்தேன். அது வெள்ளை வெளேரென்று இருந்தது. சுற்றி இருக்கிற வயரெல்லாம் உப்பில் கருத்து, கிளிப்பெல்லாம் துரு ஏறிக் கிடக்க, அந்த ஒரு பிளக் மட்டும் கடையிலிருந்து நேராக வந்த மாதிரி இருந்தது. "குமாரு, இதை எப்போ மாத்தின?" என்று அடியிலிருந்தே கத்தினேன்.

அவன் குனிந்து பார்த்தான். "இன்னா அண்ணாத்த, இப்ப வந்து தேடிகினு கீற? அந்த வாரமே மாத்திட்டேனே. பழசு உப்புல பச்சை புடிச்சு, தொட்டா பொடியா கொட்டிச்சு. மேல வெளக்கு அணையுது, கீய கரண்ட்டே வரல. உம் மேல தப்பே இல்லன்னு அன்னிக்கே உம் புள்ளைக்கு போன்ல சொன்னேன். சூப்பர்வைசருக்கும் சொன்னேன். அவுரு உன்னைத் திரும்பக் கூப்டாரு. நீதான் வர இஷ்டம் இல்லன்னு சொல்லிட்டியாமே?"

அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். அன்று சாயங்காலம் நீ, "எங்கப்பா போன அவ்ளோ நேரம்? மறந்து எங்கயாவது போய்டப் போற" என்று கேட்டாய். உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டினாய்.

அந்த வாரமே உனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வேலைக்கு வர இஷ்டம் இல்லை என்று சூப்பர்வைசரிடம் சொன்னவனும் நீதான். டாக்டரிடம் கூட்டிப்போனது அதற்கப்புறம். நான் கடிகாரம் வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே, அப்போதும் உனக்குத் தெரியும். என்னை வேலைக்கு விடாமல் நிறுத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அப்புறம் மன்னித்தும் இருப்பேன். என் புத்தியை என்னையே சந்தேகப்பட வைத்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நீ கெட்டவன் இல்லை. அலையில் என்னைப் பார்த்த பயம் இன்னும் உன்னை விட்டுப் போகவில்லை, அது எனக்குப் புரிகிறது. உன் அம்மா போய்விட்டாள், அப்பனையும் கடலுக்குக் கொடுக்க முடியாது என்று நினைத்திருப்பாய். அதை அப்படியே என்னிடம் சொல்லியிருக்கலாம். "பயமா இருக்குப்பா, போவாதே" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் நின்றுகூட இருப்பேன். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அது எங்கேயாவது போகிறேன் என்று நிற்கும்போது, உன் பயத்தைப் பயம் என்றே சொல். அதற்கு ஏதோ குறை இருக்கிறது என்று நம்ப வைத்து உட்கார வைக்காதே. அப்பன் என்ற முறையில் இந்தக் கடிதத்தில் நான் சொல்கிற புத்திமதி அது ஒன்றுதான்.

சாகிறவரை லோடர் ஓட்டுவேன் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் அந்த விளக்கைப் பார்த்து, எரிகிறதா அணைந்ததா என்று எனக்கே நிச்சயம் இல்லாமல் போனால், அன்றைக்கு நானே கீழே இறங்கிச் சாவியைக் கொடுத்துவிடுவேன். அதை நான்தான் முடிவு பண்ண வேண்டும். சூப்பர்வைசரிடம் பேசிவிட்டேன். இப்போதைக்குக் கரையிலேயே டிப்பரிலிருந்து கல் வாருகிற வேலை, நுனிக்குப் போகிற வேலை இல்லை. இதை உன் நிம்மதிக்காகச் சொல்கிறேன், நீ கேட்டு வாங்கினதாக நினைத்துக்கொள்ளாதே. நேற்று நீ குளிக்கும்போது சாவிக்கொத்திலிருந்து நம் வீட்டுச் சாவியைக் கழற்றிவிட்டேன். பீரோவிலிருந்து லைசென்ஸையும் எடுத்துக்கொண்டேன். மாத்திரையும் எடுத்துக்கொண்டேன், அதில் உனக்குக் கவலை வேண்டாம். சோறு ஆக்கத் தெரியும், கேஸை மூடவும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேவதியைக் கூட்டிக்கொண்டு வா, மீன் வாங்கி வைக்கிறேன்.

இதை அனுப்பிவிட்டு லிஃப்டில் இறங்குவேன். செக்யூரிட்டி வழக்கம்போல உனக்குப் போன் போடுவான். போன வாரம் மாதிரி டீ குடிக்க என்று பொய் சொல்லிவிட்டு என்னால் நழுவ முடியும். இந்தத் தடவை அப்படிப் போக எனக்கு மனசு இல்லை. வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் அவனிடம் சொல்லப்போகிறேன். மீட்டிங்கில் இருந்தாலும் போனை எடு. எடுத்து, "போவட்டும், வுடு" என்று ஒரு வார்த்தை உன் வாயால் சொல். நீ சொல்கிற வரைக்கும் நான் கேட்டைத் தாண்டிப் போகமாட்டேன்.

கல்லை எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் காற்று ஏறினால் பால்கனிக் கதவு அடிக்கும், முட்டுக் கொடுக்க வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்டில் நிற்கிறேன்.

அப்பா